இராசமலர் கையைக் கட்டிக்கொண்டாள்

புருசனைக் கவனிப்பதில் இராசமலரை மிஞ்ச ஆளில்லை என்று ஒக்லண்டிலிருந்த எங்கள் ஆட்களிடையே ஒரு பேச்சு இருந்தது. அந்தப் பேச்சை முதலில் கிளப்பிவிட்டவளே இராசமலர்தான் என்று சொன்னவர்களும் உண்டு. அது எரிச்சல்காரர் கதை, விட்டுவிடுவோம். பேச்சில் பொய் இல்லை. கலியாணம் முடித்த நாள் தொட்டு ஏரம்பமூர்த்தி தன் சாப்பாட்டுக் கோப்பையைத் தானே கழுவியவரல்ல. குளித்துவிட்டுக் கையை நீட்டினால் துவாய் கையில் இருக்கும். மீனில் முள் இருக்காது. யாழ்ப்பாணக் கச்சேரி என்ற அரசாங்கச் செயலகத்தில் தலைமைக் கிளாக்கராக இருந்த மனிதர். கந்தோரில் பியூன் பார்த்துக்கொண்டான், வீட்டில் இராசமலர் பார்த்துக்கொண்டாள். மூக்குக் கண்ணாடி எங்கே என்று தேடும் பழக்கமே இல்லாமல் அறுபத்தெட்டு வயது வரை வந்துவிட்டார்.

எண்பத்துமூன்றாம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு மகன் கதிர்காமநாதன் இரண்டு பேரையும் ஒக்லண்டின் லின்ஃபீல்டுக்குக் கூப்பிட்டு எடுத்தான். அவன் எஞ்சினியர், மருமகள் ரதிதேவிக்கு ஒரு மருந்துக் கடையில் வேலை. காலை ஏழரைக்குக் கார் புறப்பட்டால் மாலை ஆறுக்குத்தான் திரும்பும். அதுவரை வீட்டில் இவர்கள் இருவரும்தான். புது நாடு, புதுக் குளிர், வாயில் நுழையாத தெருப் பெயர்கள். ஏரம்பமூர்த்திக்கு எதிலும் சிரமம் வராமல் இராசமலர் முன்னுக்கு நின்றாள்.

அதனால்தான் மறதி வந்து வீட்டுக்குள் குடியேறியது ஒருவருக்கும் தெரியவில்லை. எல்லாவற்றையும் இன்னொருத்தி செய்துகொடுக்கும் வீட்டில் ஒரு மனிதர் மறப்பதற்கு என்னதான் இருக்கிறது?

அது வெளியே வந்தது சீட்டு மேசையில். சனிக்கிழமைகளில் ஜெயரட்ணம் வீட்டில் முந்நூற்று நாலு விளையாடுவார்கள். நாலு பேர், இரண்டு பக்கம். ஏலம்போல் கேள்வி கேட்டு வென்றவர் தன் துரும்புச் சீட்டை எவருக்கும் காட்டாமல் மேசையில் கவிழ்த்து வைக்க வேண்டும். விழுந்த சீட்டெல்லாம் மனதில் நிற்காதவன் அந்த விளையாட்டுக்கு வரக்கூடாது. ஏரம்பமூர்த்தி அதில் புலி. யார் கையில் என்ன மிச்சம் இருக்கிறது என்று கடைசிச் சீட்டு வரை சொல்லுவார். அவர் தன் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதற்காகவே ஜெயரட்ணம் மற்ற இருவருடனும் சண்டை பிடிப்பார்.

எண்பத்தேழாம் ஆண்டு பெப்ரவரியில் ஒரு சனிக்கிழமை, ஏரம்பமூர்த்தி துரும்பைக் கவிழ்த்து வைத்தார். இரண்டு சுற்றுப் போயிருக்கும். மேசையைப் பார்த்து, "உந்தச் சீட்டை ஆர் கவிட்டு வைச்சது?" என்று கேட்டார்.

பகிடி என்று நினைத்து மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஏரம்பமூர்த்தியும் சிரித்தார். ஆனால் கொஞ்சம் பிந்திச் சிரித்தார். அடுக்களையில் ஜெயரட்ணத்தின் மனைவி சற்குணத்தோடு கதைத்துக்கொண்டிருந்த இராசமலரின் காதில் அந்தப் பிந்திய சிரிப்பு விழுந்தது. நாற்பத்தொரு வருடமாக அவரோடு வாழ்ந்தவளுக்கு அது போதும்.

அடுத்த சனிக்கிழமையும் அப்படியே நடந்தது. அதற்கடுத்த சனிக்கிழமை இராசமலர் ஜெயரட்ணம் வீட்டுக்குத் தொலைபேசி எடுத்து, "இவருக்கு முழங்கால் வருத்தம், இனிக் கொஞ்ச நாளைக்கு வரமாட்டார்" என்று சொல்லிவிட்டாள். முழங்கால் வருத்தம் மரியாதையான வருத்தம். தலைக்குள் வருத்தம் என்றால் சனம் வேறு விதமாகக் கதைக்கும். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பது ஒக்லண்டுக்கும் பொருந்தும்.

மார்ச்சில் கதிர்காமநாதன் தகப்பனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். நரைத்த தலை, கம்பளிச் சட்டை, நிதானமான குரல்: டொக்டர் ஹார்ட்லி என்ற அந்த அம்மா ஏரம்பமூர்த்தியிடம் மூன்று சொற்களைச் சொல்லி நினைவில் வைத்திருக்கச் சொன்னார், ஒரு மணிக்கூடு கீறச் சொன்னார். கச்சேரி இங்கிலீஷ் இன்னும் அவர் நாவில்தான் இருந்தது. "என்ன, இந்த வயதில் எனக்குச் சோதினையோ?" என்று கேட்டுவிட்டு மூன்றில் இரண்டு சொல்லைச் சொன்னார். பிறகு அவரை இரத்தம் எடுக்க அடுத்த அறைக்குக் கூட்டிப்போனார்கள். டொக்டர் மகனிடம் பத்து நிமிடம் ஏதோ விளங்கப்படுத்தினார். கையை ஆட்டி, விரலை மடக்கி, நடுநடுவே இங்கிலீஷ் விளங்காத இராசமலரையும் பார்த்துச் சொன்னார். கதிர்காமநாதன் தலையைத் தலையை ஆட்டிக் கேட்டுவிட்டுத் தாயிடம் திரும்பினான்.

"இதுக்கு மருந்து ஒண்டும் இல்லையாமம்மா. அப்பாவை நல்லாப் பாத்துக்கொள்ளட்டாம்."

"இவ்வளவு நேரம் கதைச்சது இதுதானோ?"

"ஓமம்மா. அவை அப்பிடித்தான், நீட்டி நீட்டித்தான் கதைப்பினம்."

நல்லாப் பார்த்துக்கொள்ள வேண்டுமாம்! அதை இராசமலருக்கு ஒருவர் சொல்லிக் கொடுக்க வேண்டுமா? வீட்டுக்கு வந்ததும் வரிந்து கட்டிக்கொண்டு இறங்கினாள். அதுவரை விட்டு வைத்திருந்த ஒன்றிரண்டு வேலையையும் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டாள். சட்டைத் தெறி அவள் பூட்டினாள். செருப்பை அவள் மாட்டிவிட்டாள். தொலைபேசி மணி அடித்தால் அவள்தான் எடுத்தாள். டெயரி என்று அங்கே சொல்கிற சில்லறைக் கடைக்குப் பாண் வாங்கப் போவது அவருடைய ஒரே வெளி அலுவல்; வழி தவறிவிடுவார் என்று அதையும் நிறுத்தினாள். வருகிறவர்கள் "எப்பிடி அண்ணை?" என்று கேட்டால் அவர் வாயைத் திறப்பதற்குள் "நல்ல சுகமாயிருக்கிறார்" என்றாள். அவர் ஒரு சொல்லுக்குத் தடுமாறினால் அந்தச் சொல் அவள் வாயிலிருந்து வந்துவிடும். அவருக்கு வெட்கம் வரக்கூடாதே என்ற ஒரே எண்ணம்தான் அவளுக்கு. அன்பைத் தவிர வேறொன்றும் அதில் இல்லை. அதுதான் சங்கடம்.

ஏரம்பமூர்த்தி யன்னலோரக் கதிரையில் இருந்தார். ஏப்ரலில் இருந்தார், யூனில் இருந்தார், குளிர்காலம் முழுக்க இருந்தார். கதைப்பது குறைந்தது. கதைக்கத் தேவையும் இல்லை. வந்து பார்த்தவர்கள் "அண்ணை எவ்வளவு அமைதியாயிட்டார்" என்றார்கள். நடை தேய்ந்தது. ஒருநாள் குளியலறைக் கதவைத் திறக்கத் தெரியாமல் அதன் முன்னால் நின்றார். அவள் ஓடிப்போய்த் திறந்துவிட்டாள். இரவில் சாமிப் படத்தின் முன்னால் நின்று, "நான் இவ்வளவு பாத்தும் ஏன் இப்பிடி?" என்று அழுதாள்.

செப்டம்பரில் இரண்டாம் முறை ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டி இருந்தது. கதிர்காமநாதனுக்கு அன்று வெலிங்டனில் வேலை. ரதிதேவி இருவரையும் கொண்டுவந்து விட்டுவிட்டு மருந்துக் கடைக்கு ஓடினாள். அறைக்குள் டொக்டரின் பக்கத்தில் ஒரு தாதி இருந்தாள்.

"வாங்கோ அன்ரி. நான் டோறின், மன்னார். இண்டைக்கு நான்தான் உங்களுக்குத் தமிழிலை சொல்லப் போறன். அங்கிளிட்டையும் தமிழிலையே கேக்கட்டாம் டொக்டர்."

இராசமலருக்குப் பெரிய ஆறுதல். டோறின் ஏரம்பமூர்த்தியைப் பார்த்துக் கொஞ்சம் உரத்த குரலில், "அங்கிள், இது என்ன மாதம்?" என்றாள்.

"செத்தெம்பர்," என்றாள் இராசமலர்.

டொக்டர் அவளைப் பார்த்துப் புன்னகைத்துக் கையை லேசாக உயர்த்தினார். டோறின் அடுத்த கேள்வியைக் கேட்டாள்: "என்ன வேலை செய்தனீங்கள் அங்கிள்?"

"கச்சேரியிலை கிளாக்கர். தலைமைக் கிளாக்கர்." அதுவும் இராசமலர்தான். வாய் தானாகத் திறந்துவிடுகிறது, அவள் என்ன செய்வாள்? டொக்டர் இம்முறை புன்னகைக்கவில்லை. டோறினிடம் ஏதோ மெல்லச் சொன்னார். டோறின் தயங்கி, இராசமலரைக் காட்டி, "அங்கிள், இவவின்ரை பேர் என்ன?" என்று கேட்டாள்.

ஏரம்பமூர்த்தி மனைவியின் பக்கம் திரும்பினார். அவள் முகத்தைப் பார்த்தபடி, விடை வரட்டும் என்று காத்திருந்தார். எல்லா விடையும் அங்கிருந்துதானே வரும்.

இராசமலருக்கு நெஞ்சுக்குள் ஏதோ இடிந்து விழுந்தது. என் பேரையும் என்னிடமே கேட்கிறாரே! அவள் வாயைத் திறந்தாள். டொக்டரின் கை அவள் கையின் மேல் வந்து அமர்ந்தது. வாயை மூடிக்கொண்டாள். சுவரில் மணிக்கூட்டு முள் ஓடும் சத்தம் கேட்டது. அவர் மனைவியின் முகத்தை விட்டு மேசையைப் பார்த்தார், தன் கைகளைப் பார்த்தார், நெற்றியைச் சுருக்கினார். ஒரு நிமிடம் முழுதாகப் போயிருக்கும். இராசமலரின் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான நிமிடம் வந்ததில்லை.

"இராசமலர்," என்றார் ஏரம்பமூர்த்தி. பிறகு டோறினை நிமிர்ந்து பார்த்து, "ஏன் பிள்ளை, அவவையே கேட்டிருக்கலாமே," என்றார்.

டோறின் சிரித்துவிட்டாள். டொக்டருக்கு அதைச் சொன்னதும் அவரும் சிரித்தார். இராசமலர் மட்டும் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவர் கடைசியாக ஒரு பகிடி விட்டு எத்தனை மாதம் என்று எண்ணிப் பார்த்தாள், எண்ண முடியவில்லை.

அவரை அடுத்த அறைக்குக் காது பார்க்க அனுப்பிவிட்டு டொக்டர் ஃபைலை விரித்தார். "போன முறை சொன்னதெல்லாம் செய்யிறீங்களோ எண்டு கேக்கிறா அன்ரி," என்றாள் டோறின்.

"ஓம் பிள்ளை, ஒண்டும் குறை விடேல்லை. தெறிகூட நான்தான் பூட்டிவிடுறன். ஒரு அலுவல் செய்ய விடுறேல்லை, வெளியிலை விடுறேல்லை, சீட்டாட்டமும் நிப்பாட்டிப் போட்டன்."

டோறின் அதை இங்கிலீஷில் சொல்லச் சொல்ல டொக்டரின் பேனை நின்றது. அவர் கோபிக்கவில்லை. ஃபைலைத் திருப்பி டோறின் பக்கம் தள்ளினார். மார்ச் மாதத்தில் எழுதியதை டோறின் மெல்ல மெல்லப் படித்துச் சொன்னாள். அவரால் இயலுகிற எதையும் மற்றவர் செய்து கொடுக்கக் கூடாது. பிந்தினாலும் பிழைவிட்டாலும் அவரே செய்யட்டும். தினமும் நடக்க வேண்டும். ஆட்களோடு கலந்து கதைக்க வேண்டும். சீட்டு விளையாடுகிறவர் என்றால் அதைக் கட்டாயம் விடக்கூடாது. உப்பைக் குறைத்து பிரஷரைக் கவனிக்க வேண்டும். இராசமலர் கேட்கக் கேட்கக் கல்லாகிப் போனாள். கவனித்தல் என்று அவள் ஆறு மாதம் செய்ததெல்லாம் அந்தத் தாளில் வேண்டாம் என்று எழுதியிருந்தது.

"மகன் இதொண்டும் சொல்லேல்லையே பிள்ளை."

டோறின் எங்கள் ஆள். அவளுக்கு உடனே விளங்கிவிட்டது. "மகன் உங்களுக்கு மரியாதையாச் சொல்லியிருப்பார் அன்ரி," என்றாள்.

"அப்ப நான்தான் அவரைத் தின்னுறனோ?"

டோறின் அதை மொழிபெயர்க்கத் தயங்கினாள். பிறகு சொன்னாள். டொக்டர் எழுந்து வந்து இராசமலரின் பக்கத்துக் கதிரையில் இருந்துகொண்டு பேச, டோறின் தமிழில் சொன்னாள். "உங்களாலை வந்த வருத்தமில்லை இதெண்டு சொல்லுறா. என்ன செய்தாலும் இது கூடலாம், குறையாது. உறுதியெண்டு ஒருத்தராலும் சொல்ல ஏலாது. ஆனால் வேலையும் நடையும் ஆக்களும் இருந்தால் கொஞ்சம் மெல்ல வருமோ எண்டு நினைக்கினம். இன்னொண்டு அன்ரி. பழசை வைச்சிருக்கிறது மட்டும் போதாதாம், காணாதாம், அவருக்குத் தெரியாத புதிசு ஒண்டையும் பழக்கிப் பாக்கட்டாம். சின்னதெண்டாலும் காரியமில்லை."

காதுக்குள் இருந்த அழுக்கை எடுத்துவிட்டார்கள். ஏரம்பமூர்த்தி வெளியே வந்ததும் முதலில் சொன்னது: "ஏன் எல்லாரும் கத்திக் கதைக்கிறியள்?"

வெலிங்டனிலிருந்து வந்த கதிர்காமநாதனை இராசமலர் சும்மா விடவில்லை. "ஏனடா மறைச்சனீ?"

"மறைக்கேல்லையம்மா." அவன் சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை. "அப்பா தன்ரை கோப்பையைத் தானே கழுவோணும், நீங்கள் பாத்துக்கொண்டு இருக்கோணும் எண்டு நான் என்ரை வாயாலை எப்பிடி உங்களுக்குச் சொல்லுறது? சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பியள்?"

இராசமலர் யோசித்துப் பார்த்தாள். பொய் சொல்ல மனம் வரவில்லை. "அறைஞ்சிருப்பன்," என்றாள்.

அவன் குனிந்து சப்பாத்தைக் கழற்றினான். ஆறு மாதம் போய்விட்டது. அதைத் திருப்பித் தர அவனாலும் முடியாது, அவளாலும் முடியாது.

மறுநாள் காலை ஏரம்பமூர்த்தி குளித்து முடித்து, கதவிடுக்கால் கையை நீட்டினார். இராசமலர் வெளியே நின்றாள். துவாய் உள்ளேயே கொழுவியில் தொங்கியது. அவள் கைகள் இரண்டும் தானாக முன்னே போயின. பிடித்து இழுத்து நெஞ்சோடு சேர்த்துக் கட்டிக்கொண்டாள். "துவாய் உள்ளுக்குத்தான் கிடக்கு, எடுங்கோ," என்றாள். நீட்டிய கை அப்படியே நின்றது. தண்ணீர் சொட்டியது. அவருக்குத் தடிமன் பிடித்துவிடுமே என்று அவள் மனம் கிடந்து அடித்துக்கொண்டது. ஐந்து நிமிடம் கழித்துத் துவாயைக் கட்டிக்கொண்டு, "உமக்கு என்ன வந்தது இண்டைக்கு?" என்று சிடுசிடுத்தபடி வெளியே வந்தார். அந்தச் சிடுசிடுப்பு அவளுக்குத் தேன் வார்த்ததுபோல் இருந்தது.

எந்த வேலைக்கும் அஞ்சாதவள் இராசமலர். நூறு பேருக்குச் சமைக்கச் சொன்னாலும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நிற்பாள். சும்மா இருப்பதுதான் அவளைக் கொன்றது. அவர் தெறியைத் துளை மாற்றிப் பூட்டுவார், கையைக் கட்டிக்கொள்வாள். அவர் ஒரு சொல்லைத் தேடித் தடவுவார், உதட்டைக் கடித்துக்கொள்வாள். பத்தில் நாலு தரம் அந்தச் சொல் வரும். மிச்ச ஆறு தரமும் அவருக்குக் கோபம் வரும். ஒருநாள் சட்டையைக் கழற்றி அவள் காலடியில் எறிந்தார். அன்று அவளும் அழுதாள், அவரும் அழுதார். எல்லாம் நல்லபடி நடந்தது என்று நான் கதை அளக்க வரவில்லை.

ஒக்டோபரில் அவரை டெயரிக்கு அனுப்பினாள். வீட்டிலிருந்து இறங்கி இடப் பக்கம் திரும்பி நேரே போனால் டெயரி, போக ஏழு நிமிடம், வர ஏழு நிமிடம். டெயரிக்காரரான குஜராத்தி மனிதருக்கு ரதிதேவி முன்பே சொல்லி வைத்திருந்தாள். இராசமலர் யன்னல் சீலைக்குப் பின்னால் நின்றாள். கால்மணி போனது. மழை தூறி, வெயில் அடித்து, மறுபடி தூறியது. அரைமணி போனது. காரை எடுக்கட்டுமா என்று அன்று வீட்டில் நின்ற ரதிதேவி கேட்டாள்.

"பொறும் பிள்ளை," என்றாள் இராசமலர். மனிதர் பெரிய தெருவில் இறங்கிவிட்டால்? ஏதாவது நடந்தால் ஊர் என்ன சொல்லும்? பெண்சாதியே துரத்திவிட்டாள் என்றல்லவா சொல்லும்? நாற்பது நிமிடம் ஆனபோது அவளே செருப்பை மாட்டினாள். படலையைத் திறந்தபோது தெரு முனையில் அவர் வருவது தெரிந்தது. நனைந்த தலை, கையில் ஒரு கடதாசிப் பை. அவள் விழுந்தடித்து உள்ளே ஓடிவந்து, ஒன்றும் தெரியாதவள்போல் கதிரையில் இருந்துகொண்டாள்.

பையில் பாண் இல்லை. பூனைச் சாப்பாட்டுத் தகர ரின் ஒன்று இருந்தது. அந்த வீட்டில் பூனை கிடையாது.

"நல்லது," என்றாள் இராசமலர். "நாளைக்குப் பாண் வாங்குவம்."

மறுநாள் பாண் வந்தது. பூனை ரின்னை ரதிதேவி பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தாள்.

பேச்சு வராமல் இருக்குமா? நவம்பரில் சற்குணம் வீட்டுக்கு வந்தபோது ஏரம்பமூர்த்தி தொட்டியில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். இராசமலர் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். சற்குணம் பார்த்ததோடு நிற்கவில்லை. ஒரு கிழமைக்குள் கதை மேற்கே ரானுயி வரை போய்வந்தது. "மகன் உழைக்கிற திமிர். பாவம் அந்த மனுசன், தலைமைக் கிளாக்கராயிருந்தவர், இந்த வயதிலை கோப்பை கழுவுறார். அவ மகாராணி மாதிரி நிண்டு பாக்கிறா." நாற்பது வருடமாகக் கட்டிக் காத்த பெயர் நாலு தொலைபேசி அழைப்பில் போய்விட்டது. இராசமலருக்கு அது சுருக்கென்று தைத்தது. தைக்கவில்லை என்றால் அவள் மனுசியில்லை.

ஆனால் அந்தக் கதை ஒரு நன்மை செய்தது. பெயர்தான் போயிற்றே, இனி எதை மறைக்க? அடுத்த சனிக்கிழமை இராசமலர் புருசனைக் கூட்டிக்கொண்டு, மஞ்சள் பஸ் ஏறி, ஜெயரட்ணம் வீட்டு வாசலில் போய் இறங்கினாள். சீட்டு மேசையில் மூன்று பேர் இருந்தார்கள். ஆள் இல்லாமல் ஏதோ ஒப்புக்கு விளையாடிக்கொண்டிருந்தார்கள். அவள் அடுக்களைக்குப் போகவில்லை. அவர்கள் முன்னால் நின்றே சொன்னாள்.

"இவருக்கு முழங்காலிலை ஒண்டும் இல்லை. மறதி வருத்தம். போகப் போகக் கூடும் எண்டு டொக்டர் சொல்லிப் போட்டா. வீட்டிலை இருத்தி வைச்சால் இன்னும் கெதியாப் போயிடுவார். உங்களோடை விளையாட விடுங்கோ. பிழை விடுவார். அதுக்காண்டி ஒருத்தரும் வேணுமெண்டு விட்டுக்கொடுக்க வேண்டாம்."

சற்குணம் கதவு நிலையைப் பிடித்தபடி தலையைக் குனிந்துகொண்டாள். ஏரம்பமூர்த்தி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றார். இராசமலருக்கு அவர் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது. ஜெயரட்ணம்தான் முதலில் எழும்பினார். எதிர்க் கதிரையை இழுத்துப் போட்டார். "இரும் ஏரம்பு," என்றார். "நீர் இல்லாமல் ஒன்பது மாதமாத் தோக்கிறன். உம்மோடை சேர்ந்து தோத்தால் கொஞ்சம் வித்தியாசமாயாவது இருக்கும்."

அன்று அவர்கள் பக்கம் மோசமாகத் தோற்றது. துரும்பு எதுவென்று ஏரம்பமூர்த்தி மூன்று தரம் மறந்தார். பஸ்ஸில் வரும்போது, "ஜெயரட்ணத்துக்கு விளையாட்டு மறந்துபோச்சு," என்று சொன்னார். இராசமலர் "ஓம்" என்று மட்டும் சொன்னாள்.

புதிதாக ஒன்றைப் பழக்கவேண்டும் என்ற விஷயம் மிச்சம் இருந்தது. கச்சேரித் தலைமைக் கிளாக்கருக்குத் தெரியாதது என்ன இருக்கிறது என்று இராசமலர் உட்கார்ந்து யோசித்தாள். பட்டியல் அடுப்படியில் தொடங்கி அடுப்படியிலேயே முடிந்தது. சரி, தேத்தண்ணி போடட்டும் என்று முடிவெடுத்தாள். கேத்தில் மின்சாரத்தில் ஓடுவது. தண்ணீர் கொதித்ததும் தானாக நின்றுவிடும்.

முதல் காலை அவர் கேத்திலுக்குள் தேயிலையைப் போட்டார். இரண்டாம் நாள் தேயிலையே போடவில்லை. வெந்நீரும் பாலும் வந்தது, இராசமலர் குடித்தாள். ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ எல்லாம் ஒழுங்காக வந்தது. இரண்டு கப்பையும் மேசையில் வைத்து, சீனிப் போத்தலைத் திறந்து, கரண்டியைப் பிடித்தபடி அவளைப் பார்த்துக் கேட்டார்.

"உமக்குச் சீனி எவ்வளவு?"

இராசமலருக்குக் கண் கலங்கியது. இதையும் மறந்துவிட்டாரே, இத்தனை வருடம் ஒன்றாக இருந்து குடித்துவிட்டு இதையும் மறந்துவிட்டாரே என்று ஒரு கணம் நினைத்தாள். மறு கணம்தான் உறைத்தது. அவர் மறக்கவில்லை. மறப்பதற்கு அவருக்கு இது எப்போதாவது தெரிந்திருக்க வேண்டுமே! நாற்பத்தொரு வருடத்தில் அவளுக்கு ஒரு நாளும் அவர் தேத்தண்ணி போட்டதில்லை. அவள் விட்டதில்லை. அவளுக்குச் சீனி எவ்வளவு என்று அவரிடம் யாரும் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை.

சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. "ஒண்டரைக் கரண்டி," என்றாள்.

அதற்கடுத்த நாளும் கேட்டார். அதற்கடுத்த நாளும். டிசம்பர் முழுக்கக் கேட்டார். எழுதி ஒட்டிவிடலாமே என்று கதிர்காமநாதன் சொன்னான், இராசமலர் வேண்டாமென்றாள். அவள் பொறுத்திருப்பாள், அவர் யோசிப்பார், கடைசியில் கேட்பார், அவள் சொல்வாள். எத்தனை நாள் என்று அவள் எண்ணவில்லை. எண்ணினால் நம்பிக்கை விட்டுப்போகும் என்று பயம்.

பெப்ரவரியில் ஒரு காலை. ஏரம்பமூர்த்திக்கு அன்று நல்ல நாள் இல்லை. விடிந்ததும், இது எந்த வீடு என்று கேட்டார். வேலைக்குப் புறப்பட்ட கதிர்காமநாதனை, எப்போதோ செத்துப்போன தன் தம்பியின் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். மகன் முகம் கறுத்துப்போய்க் காரில் ஏறியதை இராசமலர் யன்னலால் பார்த்தாள். இனி அவ்வளவுதான், டொக்டர் சொன்னது வந்துவிட்டது என்று நினைத்தபடி மேசையில் வந்து இருந்தாள். அடுக்களையில் கேத்தில் கொதித்து நின்றது. கரண்டி கப்பில் தட்டுகிற சத்தம் கேட்டது. அவர் இரண்டு கப்போடு வந்தார். ஒன்றை அவள் முன்னால் வைத்தார். கேட்கவில்லை. தன் கதிரையில் இருந்து தன் கப்பைக் குடிக்கத் தொடங்கினார்.

சீனி போட மறந்திருப்பார் என்று எண்ணி அவள் ஒரு வாய் குடித்தாள்.

ஒன்றரைக் கரண்டி.

இன்னொரு வாய் குடித்துப் பார்த்தாள். அதேதான், கூடவும் இல்லை குறையவும் இல்லை. எவ்வளவோ போய்க்கொண்டிருந்த அந்தத் தலைக்குள் அவளைப் பற்றிப் புதிதாக ஒன்று போய் இருந்திருக்கிறது. கலியாணம் முடித்த பிறகு முதல் தடவையாக. கண்ணீர் தாடை வரை வழிந்தும் அவள் துடைக்கவில்லை.

ஏரம்பமூர்த்தி கப்பைக் கீழே வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். அவருக்குக் கவலையாக இருந்தது.

"ஏன், சீனி காணாதோ?" என்று கேட்டார்.

"காணும்," என்றாள் இராசமலர்.